மகிழ்ச்சிக்காக எடுக்கும் 4டி ஸ்கேன்: எந்த நிலையத்தை நம்பலாம்?

மார்க்கம்_மல்லிகை | மார்க்கம், ஒன்ராறியோ

எனக்கு இப்போது 25ஆம் வாரம். முதல் குழந்தை. 20ஆம் வாரத்து உடற்கூறு ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாகக் குடும்ப மருத்துவர் சொல்லிவிட்டார். இனிப் பிரச்சினை ஏதும் வந்தாலொழிய ஸ்கேன் தேவையில்லை என்றும் சொன்னார். அந்த ஸ்கேனில் கையில் கிடைத்தது மங்கலான ஒரே ஒரு படம். அதில் எது தலை, எது முழங்கால் என்று என் கணவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

வளைகாப்புப் பரிசாக ஒரு 4டி ஸ்கேனுக்குத் தான் பணம் கட்டுவதாக நாத்தனார் சொல்கிறார். மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காக மட்டும் எடுப்பது. சுவர் அகலத்துக்குத் திரை, ஆறு பேர் உட்காரச் சோபா, தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு நேரலை, குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து உள்ளே வைத்த கரடி பொம்மை, எல்லாம் சேர்த்து ஒரு விலை.

இரண்டு நிலையங்களை விசாரித்தோம். முதல் நிலையத்தில் விலை குறைவு. எட்டாம் வாரத்திலிருந்தே வரலாமாம். என் மருத்துவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தை முகம் காட்டாவிட்டால் காட்டும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக வரலாம் என்கிறார்கள். இரண்டாவது நிலையத்தில் விலை ஏறக்குறைய இரு மடங்கு. 20 வார ஸ்கேன் முடிந்ததற்குச் சான்று கேட்டார்கள். மருத்துவர் அல்லது மிட்வைஃப் (பேறுகால மருத்துவச்சி) பெயரும் கேட்டார்கள். எனக்கு அந்தக் கெடுபிடி பிடித்திருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு, குறைந்த விலைக்கு அதே படம் கிடைக்கும்போது எதற்கு அலட்டல் என்ற எண்ணம்.

குழந்தைக்கு இதனால் கெடுதல் உண்டா? எடுப்பதென்றால் என்னென்ன கேட்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கனகா_ஸ்காபரோ

தங்கச்சி, நான் இரண்டு பிள்ளைகளுக்கும் எடுத்தேன். மூத்தவளுக்கு எடுத்தபோது முகம் அப்படியே அவளுடைய அப்பம்மா. இரண்டாவது பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தான், கையால் முகத்தை மூடியிருந்தான். காசு கொடுத்துப் பார்த்தது ஒரு காதும் ஒரு முழங்கையும். ஆகவே முகம் தெரியும் என்று நம்பி ஊரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

27ஆம் கிழமைக்கும் 30ஆம் கிழமைக்கும் நடுவில் போங்கள். அதற்கு முன்னர் போனால் முகத்தில் சதை பிடித்திருக்காது, எலும்பும் தோலுமாகத் தெரியும். சிலர் பார்த்துப் பயந்தே போகிறார்கள். 32 தாண்டினால் உள்ளே இடம் நெருக்கம், தலை கீழே இறங்கி முகம் இடுப்பெலும்புப் பக்கம் போய்விடும். உங்களுடைய 20 கிழமை அறிக்கையில் நஞ்சுக்கொடி முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். முன்பக்கம் என்றால் படம் வடிவாக வருவது கொஞ்சம் கடினம். வரவே வராது என்றில்லை.

படங்களை அன்றைக்கே கைபேசியில் இறக்கிவிடுங்கள். எங்களுக்கு ஒரு இணைப்பு அனுப்பினார்கள், சில மாதங்களில் அது செத்துப்போனது. கரடி பொம்மையை என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டில் அது அலுமாரிக்குள் கிடக்கிறது, பற்றரி மாற்ற வழியில்லை.

---

வேப்பமரம் | திருச்சி

வயதானவன் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளை மீது வேடிக்கைக்காகக் கதிர்வீச்சைப் பாய்ச்சுவானேன்? மருத்துவர் தேவையில்லை என்கிறார். பிள்ளை பிறந்ததும் முகத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள். மூன்று மாதம் பொறுக்க முடியாதா? அதிலும் 4டி என்றால் சாதாரண ஸ்கேனைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது என்று கேள்விப்பட்டேன்.

---

ஒலியலை | டொராண்டோ

மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதே என் தொழில். வேப்பமரம் ஐயாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு எண்ணமும் பரவலாக உள்ளவை.

இது கதிர்வீச்சு இல்லை ஐயா. எக்ஸ்-ரேயில் வருவது வேறு. இதில் போவது நம் காதுக்கு எட்டாத ஒலி, அதாவது மீயொலி. 4டி என்பதும் கூடுதல் சக்தி இல்லை. சாதாரண ஸ்கேனில் ஒரு தளத்தைப் பார்க்கிறோம். 3டியில் அதே போன்ற பல தளங்களை அடுத்தடுத்துத் துழாவி, கணினி அவற்றைக் கோத்து ஓர் உருவமாக்குகிறது. அந்த உருவம் அசைந்தால் 4டி. அவ்வளவுதான்.

அதனால் அபாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒலி அலை திசுவுக்குள் போகும்போது அதில் ஒரு பகுதி வெப்பமாக மாறும். எலும்பு அதிகமாக உறிஞ்சும். குழந்தையின் எலும்பு கெட்டிப்படத் தொடங்கிய பிறகு மண்டையோட்டை ஒட்டிய இடம் இதனால் கவனிக்க வேண்டியதாகிறது. இதை அளக்கத்தான் திரையின் ஓரத்தில் வெப்பக் குறியீடு என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண் 1 என்றால், மோசமான நிலையில் திசு சுமார் 1 டிகிரி சூடேறக்கூடும் என்று பொருள். பிரிட்டனின் மருத்துவ மீயொலிச் சங்கத்தின் வழிகாட்டியில் கருக்குழந்தைக்கு 0.7 வரை பெரிய நேரக் கட்டுப்பாடு கிடையாது. அதைத் தாண்டினால் நேரம் படிப்படியாகக் குறையும்: 1.5ஐத் தாண்டினால் 15 நிமிடம், 2ஐத் தாண்டினால் 4 நிமிடம், 2.5ஐத் தாண்டினால் ஒரே நிமிடம், 3க்கு மேல் கூடவே கூடாது. படம் பார்க்கும் சாதாரண முறையில் எண் பெரும்பாலும் கீழேதான் நிற்கும். இரத்த ஓட்டத்தையும் இதயத் துடிப்பையும் ஓசையாகக் கேட்க வைக்கும் டாப்ளர் முறையைப் போட்டால் ஏறும்.

ஒரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சுமார் 2,800 கர்ப்பிணிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 18ஆம் வாரத்தில் ஒரு ஸ்கேன். மற்றதற்கு 18ஆம் வாரம் தொடங்கி 38 வரை ஐந்து முறை, டாப்ளரோடு. 1993இல் லான்செட் இதழில் வந்த முடிவு: அடிக்கடி ஸ்கேன் எடுத்த குழுவில் எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகம். பெரிய பரபரப்பு. அதே குழந்தைகளை எட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்து 2004இல் எழுதினார்கள். வளர்ச்சியிலோ பேச்சிலோ நடத்தையிலோ வேறுபாடு இல்லை. இந்த இரண்டில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருபக்கமும் இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் தொழிலின் விதி எளிது: தேவையான தகவல் கிடைக்கும் அளவுக்கு மட்டும், குறைந்த சக்தியில், குறைந்த நேரம். நினைவுப் படத்துக்கு வரும் சிக்கல் இதில்தான். அங்கே தேவையான மருத்துவத் தகவல் எதுவும் இல்லை. எனவே எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோலும் இல்லை. குழந்தை சிரிக்கும்வரை ஓட்டு என்பதுதான் கணக்கு. கனடாவின் சுகாதாரத் துறை, படத்துக்காக மட்டும், பாலினம் அறிய மட்டும், வியாபாரத்துக்காக மட்டும் கருக்குழந்தையை ஸ்கேன் செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறது. இங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கமும் கதிரியக்க மருத்துவர் சங்கமும் 2014இல் கூட்டாக அதையே சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது.

மல்லிகை, இதையெல்லாம் படித்துவிட்டுப் போகாமல் இருந்தால் நல்லது. போவதென்று முடிவெடுத்தால் முதல் நிலையத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "எத்தனை முறை வேண்டுமானாலும்" என்பது சலுகை இல்லை.

---

ஹார்ட்ஃபர்ட்_அரவிந்தன் | கனெக்டிகட்

எங்கள் மாநிலத்தில் 2009இலிருந்து இது சட்டப்படியே கிடையாது. மருத்துவக் காரணம் இல்லாமல் கருக்குழந்தையை ஸ்கேன் செய்யக் கூடாது. விளைவு? ஆசைப்பட்டவர்கள் வார இறுதியில் எல்லை தாண்டி மாசசூசெட்ஸ் போய் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு வீட்டில் நடந்தது. தடை போட்டவர்களின் நோக்கத்தில் குறை சொல்லவில்லை, ஆனால் பேறுகாலத்தில் ஒரு பெண்ணைக் கூடுதலாக இரண்டு மணி நேரம் காரில் உட்கார வைத்ததுதான் மிச்சம்.

ஒலியலை சொன்ன எஃப்.டி.ஏ. எச்சரிக்கையில் இன்னொன்றும் இருந்தது: வீட்டிலேயே இதயத் துடிப்பு கேட்கும் கையடக்க டாப்ளர் கருவிகளை வாங்காதீர்கள் என்று. அது இன்றும் இணையத்தில் தாராளமாக விற்கிறது.

---

ஈஸ்ட்ஹாம்_இளவேனில் | லண்டன்

வெப்பக் குறியீடு பற்றி இவ்வளவு பேசியாயிற்று. என் கவலை வேறு. இந்த ஸ்கேன்களில் நான் பார்த்த பெரிய தீங்கு சூடு இல்லை, பொய்யான நிம்மதி.

என் ஓரகத்திக்கு 31ஆம் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் குழந்தையின் அசைவு குறைவாக இருந்தது. மருத்துவமனைக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள் என்று, கடைத்தெருவில் இருந்த ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தவர் இதயத் துடிப்பைக் கேட்க வைத்து, "குழந்தை தூங்குகிறது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி, ஒரு படத்தையும் அச்செடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் என் மாமியார் விடாப்பிடியாக மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்து பார்த்ததும் உள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே அறுவை. குழந்தை நலமாக இருக்கிறது. அந்த நிலையத்தில் எழுத்தில் ஒரு அறிக்கைகூடக் கொடுக்கவில்லை, "இது மருத்துவ ஸ்கேன் அல்ல" என்று கையெழுத்து மட்டும் முன்பே வாங்கிவைத்திருந்தார்கள்.

இதயம் துடிப்பதும் குழந்தை நலமாக இருப்பதும் ஒன்றல்ல. அசைவு குறைந்தால் நேரே பிரசவப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அன்றைக்கே, நள்ளிரவானாலும். பிரிட்டனில் சுகாதாரத் துறை சொல்வதும் அதுதான்.

இன்னொன்று: பிரிட்டனில் "சோனோகிராபர்" (மீயொலி ஸ்கேன் எடுப்பவர்) என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம், அது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம் இல்லை. எக்ஸ்-ரே போன்றவை எடுக்கும் ரேடியோகிராபர் என்பதற்குப் பாதுகாப்பு உண்டு. இங்கிலாந்தில் மருத்துவச் சேவைகளைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. என்ற அமைப்பு இந்த நிலையங்களைச் சோதித்து அறிக்கை போடுகிறது. இணையத்தில் யாரும் படிக்கலாம். நம்மவர்கள் உணவகத்துக்குப் போகுமுன் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

---

மார்க்கம்_மல்லிகை

இளவேனில், படித்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நன்றி.

ஒலியலை, ஒன்ராறியோவில் எப்படி? இங்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

---

ஒலியலை

இங்கே 2019 ஜனவரியிலிருந்து நாங்கள் ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டோம். எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் சி.எம்.ஆர்.ஐ.டி.ஓ. என்ற அமைப்பில் பதிவு வேண்டும். அதன் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது; பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். எனவே தொலைபேசியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அன்றைக்குக் கருவியைப் பிடிக்கப் போகிறவரின் முழுப்பெயர் என்ன?" உரிமையாளர் பெயரோ சுவரில் மாட்டிய சான்றிதழோ உதவாது. பெயர் சொல்லத் தயங்கினால் பேச்சை முடித்துவிடுங்கள்.

அடுத்தது, "ஏதேனும் வித்தியாசமாகக் கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்?" இதற்கு வரும் பதில்தான் முக்கியம். "நாங்கள் நோய் கண்டறிவதில்லை" என்பது அரைகுறைப் பதில். நல்ல நிலையத்தில், எடுப்பவர் அங்கேயே நிறுத்தி, உங்கள் மருத்துவருக்கோ மிட்வைஃபுக்கோ அன்றே தகவல் சொல்வார். அதற்காகத்தான் இரண்டாவது நிலையம் பெயர் கேட்டிருக்கிறது. வீட்டாரிடம் சொல்லுங்கள், அந்த இரு மடங்கு விலையில் ஒரு பங்கு அதற்கு.

நேரம்: கருவி வயிற்றில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். "அரை மணி நேரப் பொதி" என்றால் அரை மணியும் ஒலி போக வேண்டியதில்லை. பாதிக்கு மேல் பேச்சும் படம் தேர்வதுமாகப் போகலாம். குழந்தை திரும்பவில்லை என்றால் எழுந்து நடந்துவிட்டு வரச் சொல்கிறவர் நல்லவர். வயிற்றை அழுத்திக் குலுக்கிக்கொண்டே இருப்பவர் வேண்டாம்.

கரடி பொம்மை: கனகா அக்கா பற்றரிக்காக வேண்டாம் என்றார், நான் டாப்ளருக்காக. துடிப்பை எண்ணிப் பார்க்க எம்-மோட் என்ற முறை போதும், அதில் சக்தி குறைவு. ஆனால் அதில் ஒலி வராது, கோடுதான் வரும். பொம்மைக்குள் வைக்க "லப் டப்" ஓசை வேண்டுமானால் டாப்ளர் போட்டாக வேண்டும். நீங்கள் இருக்கும் வாரத்தில் சில நொடி போட்டால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். எட்டாம் வாரத்தில் வருகிறவர்களுக்கும் அதைப் போடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பருவத்தில் உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. மருத்துவமனையில் நாங்களே வழக்கமான பரிசோதனைக்கு அதைத் தொட மாட்டோம்.

ஜெல்லையும் கவனியுங்கள். 2021இல் பாக்டீரியா கலந்திருந்ததால் மீயொலி ஜெல் பெருமளவில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. காயமில்லாத தோலில் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றாலும், பழைய குப்பியிலேயே திரும்பத் திரும்ப ஊற்றி நிரப்பும் இடம் மற்றவற்றில் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

---

சைதாப்பேட்டை_சாரு | சென்னை

இந்த இழையைப் பார்த்தால் வேறு கிரகத்தில் நடப்பது போல இருக்கிறது. இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்கேன் நிலையத்தின் வாசலையே தாண்ட முடியாது. ஆதார் நகல், ஸ்கேன் விவரங்களைப் பதியும் எஃப் படிவம், "பாலினத்தை அறிந்துகொள்ள விரும்பவில்லை" என்று கையெழுத்து. பாலினம் கூறுவது சட்டப்படி குற்றம் என்ற பலகை கண்ணெதிரே. ஒவ்வொரு ஸ்கேனும் கணக்கில் ஏறும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் இன்னும் இறுக்கினார்கள். எந்தெந்தக் காரணத்துக்கு எடுக்கலாம் என்று சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது; முகம் பார்க்கும் ஆசை அந்த வரிசையில் இல்லை. சொன்ன மருத்துவருக்கு மட்டும் தண்டனை என்று நினைக்காதீர்கள். கேட்டுப் போன குடும்பத்தாருக்கும் மூன்று ஆண்டுவரை சிறையும் 50,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு.

முகம் பார்க்கும் ஆசை இங்கும் இல்லாமலில்லை. மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனிலேயே நல்ல மனநிலையில் இருந்தால் முகத்தை 3டியில் ஒரு படம் எடுத்துத் தருவார்கள். என் மகளுக்கு அப்படித்தான் கிடைத்தது. காசு கேட்கவில்லை.

மல்லிகை, தஞ்சாவூருக்கு நேரலை என்றீர்களே, அதில் ஒன்று கவனியுங்கள். 2024 மே மாதம் சென்னை யூடியூபர் ஒருவர் துபாயில் பாலினம் தெரிந்துகொண்டு, அதை விழாவாகக் கொண்டாடிக் காணொளி போட்டார். அங்கே அது குற்றமில்லை. இங்கே சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டார். உங்கள் அம்மா பேரக்குழந்தையின் முகம் பார்ப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. அந்த நேரலையில் பாலினத்தையும் அறிவித்து, அது உறவினர் குழுக்களில் சுற்றத் தொடங்கினால் வீண் தலைவலி.

---

நடுநிசி_வாசகன் | மிசிசாகா

பாலினம் பற்றிய பேச்சு வந்ததால்: கனடாவும் இதில் முழுச் சுதந்திரமாக இருந்ததில்லை. 2012 ஜனவரியில் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் அதன் ஆசிரியர் ஒரு தலையங்கம் எழுதினார். பெண் கரு என்று தெரிந்ததும் கலைப்பது ஆசியக் குடியேறிகள் சிலரிடம் இங்கேயும் நடக்கிறது, எனவே 30ஆம் வாரம்வரை யாருக்கும் பாலினம் சொல்லக் கூடாது என்று. நம் சமூகத்தை இழிவுபடுத்துகிறார் என்று சிலர் கொதித்தார்கள். எழுதியவரும் இந்திய வம்சாவளியினர்தான். எனக்கு அந்தத் தீர்வு பிடிக்கவில்லை, ஆனால் அவர் சொன்னது பொய் என்றும் வாதாட வராது. 14ஆம் வாரத்தில் "ஆணா பெண்ணா, தவறானால் பணம் வாபஸ்" என்று விளம்பரம் செய்யும் நிலையங்களைப் பார்க்கும்போது அந்தத் தலையங்கம் ஞாபகம் வரும்.

---

கனகா_ஸ்காபரோ

தம்பி, அது உண்மைதான். எங்களுக்கு இரண்டாவதும் பெண் என்றால் பரவாயில்லையா என்று ஸ்கான் அறையிலேயே ஒரு மாமி கேட்டார். அதனால்தான் சொல்கிறேன், கூட்டம் வேண்டாம். தாய், தகப்பன், மிஞ்சினால் இன்னொருவர். உள்ளே வரும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கருத்து இருக்கும். "மூக்கு சப்பை", "நிறம் கறுப்போ" என்று பிறக்காத பிள்ளைக்குப் பரீட்சை வைப்பார்கள்.

---

ஒலியலை

நிறம் என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஒலிக்கு நிறம் தெரியாது. 4டி படத்தில் தெரியும் பொன்னிறம் மென்பொருள் பூசுவது. எங்கோ ஒரு விளக்கு எரிவது போல நிழலும் ஒளியும் விழுகிறதே, அதுவும் கணக்குப் போட்டு வரைந்ததுதான். ஆப்பிரிக்கக் குழந்தைக்கும் சீனக் குழந்தைக்கும் தமிழ்க் குழந்தைக்கும் அதே பொன்னிறம். மாமிமாருக்குச் சொல்லிவிடுங்கள்.

---

நடுநிசி_வாசகன்

இப்போது "8கே" படம் என்று ஒன்று விற்கிறார்களே, செயற்கை நுண்ணறிவு கொண்டு மெருகேற்றியதாம். என் நண்பர் வாங்கினார். இமை மயிர்வரை துல்லியமாக இருந்தது. குழந்தை பிறந்தபின் பார்த்தால் யாரோ பக்கத்து வீட்டுக் குழந்தை!

---

ஒலியலை

சிரித்துவிட்டேன். அது நடக்கத்தான் செய்யும். ஸ்கேனில் பதிவாகாத விவரத்தை அந்த மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. இமை மயிர் அதன் கற்பனை. வாங்குவதென்றால் மெருகேற்றாத மூலப் படத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அப்படியே, உங்கள் குழந்தையின் படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போட உரிமை கேட்கும் வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும், அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

---

வேப்பமரம்

கதிர்வீச்சு இல்லை என்று விளக்கியதற்கு நன்றி. ஒன்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: மூன்று மாதம் பொறுக்க முடியாதா?

---

மார்க்கம்_மல்லிகை

ஐயா, பொறுக்க முடியும். ஆனால் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். பேறுகாலத்துக்கு அவர்கள் வரப் போவதில்லை. நான் இதைக் கேட்கத் தொடங்கியதே அதனால்தான்; முதலில் எழுத மனம் வரவில்லை.

இன்று இரண்டு இடத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். முதல் இடத்தில் எடுப்பவரின் பெயரைக் கேட்டதும், "எங்களுடைய எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள்" என்றார்கள். மறுபடி கேட்டேன். "அன்று யார் பணியில் இருப்பார் என்று சொல்ல முடியாது" என்றார்கள். வெப்பக் குறியீடு பற்றிக் கேட்டதற்கு, அறை குளிர்சாதன வசதி உள்ளது என்று பதில் வந்தது. இட்டுக்கட்டவில்லை.

இரண்டாவது இடத்தில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்கள். பதிவேட்டில் பார்த்தேன், இருக்கிறார். காலையில் மருத்துவமனையில் வேலை, சனிக்கிழமைகளில் மட்டும் இங்கே. கருவி வயிற்றில் இருப்பது அதிகபட்சம் 15 நிமிடம் என்றார்கள். முகம் தெரியாவிட்டால் ஒரே ஒரு முறை மறு வாய்ப்பு, அதுவும் ஒரு வாரம் கழித்து. வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு என் மருத்துவருக்குத் தொலைநகல் அனுப்புவார்களாம். (கனடா மருத்துவத் துறை இன்னும் தொலைநகலை விடவில்லை என்பது தனி இழைக்கான விஷயம்.) கரடி வேண்டாம் என்றேன், விலையில் கொஞ்சம் குறைத்தார்கள்.

28ஆம் வாரத்தில் ஒரு சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். நானும் கணவரும் நாத்தனாரும் மட்டும். அம்மாவுக்கு நேரலை உண்டு. பாலினம் எங்களுக்கே தெரியாது, அதைத் திரையில் காட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

---

வேப்பமரம்

அப்படியானால் போய்ப் பாருங்கள் அம்மா. தஞ்சாவூரில் அப்போது இரவு. உங்கள் அம்மாவைத் தூங்காமல் இருக்கச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதில்லை, தூங்க மாட்டார்.

---

சைதாப்பேட்டை_சாரு

மதியம் வேண்டாம், காலை முதல் நேரத்தைக் கேளுங்கள். ஒன்பது மணி என்றால், உங்கள் கோடைகால நேர மாற்றத்தைப் பொறுத்து, ஊரில் மாலை ஆறரை அல்லது ஏழரை, அம்மாவுக்கும் வசதி.

---

இரட்டைக்கிளவி | பிராம்டன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரட்டைக் குழந்தைகள், 22ஆம் வாரம். 28வரை காத்திருந்தால் இரண்டு முகமும் தெரியுமா?

---

ஒலியலை

இரட்டையருக்கு 28 தாமதம். இடம் சீக்கிரமே நெருங்கிவிடும், ஒருவர் முகத்தை மற்றவர் முதுகு மறைக்கும். 24 முதல் 26 வாரம் ஓரளவு சரி. ஆனால் உங்களுக்குத் தனியார் நிலையம் எதற்கு? இரட்டையர் என்றால் மருத்துவமனையிலேயே அடிக்கடி ஸ்கேன் இருக்கும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கிறவர்கள் என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்த முறை போகும்போது, அளவுகள் எல்லாம் எடுத்து முடித்தபின், முகம் தெரிந்தால் ஒரு படம் கிடைக்குமா என்று எடுப்பவரிடம் கேளுங்கள். வேலையின் நடுவில் கேட்காதீர்கள். அப்போது நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம். முடிவில் கேட்டால் எங்களில் பலரும் மறுக்க மாட்டோம்.